டப்பா டிவியில் பி.எஸ்.பி. விளையாட வேண்டுமா? முதலில் டிவியின் முதுகைப் பாருங்கள்

கேபிள் வாங்குவதற்கு முன்னால் டிவியைச் சுவரிலிருந்து கொஞ்சம் முன்னால் இழுத்து, அதன் பின்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். பாதிப் பேர் இதைச் செய்யாமல்தான் பணத்தை விடுகிறார்கள்.

திண்டுக்கல்லில் டிவி சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பிக்சர் டியூப் செட்டுகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. இப்போதெல்லாம் அதோடு ஒரு கையடக்க கேம் கன்சோலையும் தூக்கிக்கொண்டு பையன்கள் வருகிறார்கள். "அண்ணே, கலர் பாத்துத்தான் குத்துனேன். மஞ்சளுக்கு மஞ்சள், வெள்ளைக்கு வெள்ளை. ஆனா படம் வரல." கேபிளை வாங்கிப் பார்த்தால் பின்கள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். கன்சோல் அந்த வழியில் படத்தை அனுப்பாத மாடலாக இருக்கும், இல்லையென்றால் அது அனுப்பும் சிக்னல் டிவிக்குப் புரியாததாக இருக்கும். பின்னின் நிறம் பொருந்தினால் சிக்னலும் பொருந்திவிடும் என்று நினைப்பதில்தான் கோளாறே.

சோனி பி.எஸ்.பி.யை வைத்தே சொல்கிறேன். பழைய டிவியில் நேரடியாக, நடுவில் எந்தப் பெட்டியும் இல்லாமல் போடக்கூடிய கையடக்கக் கருவிகளில் அதிகம் புழங்குவது அதுதான். நின்டென்டோ ஸ்விட்ச் வைத்திருப்பவர்களுக்குக் கடைசியில் சொல்கிறேன். அது வேறு வழி.

டிவியின் பின்னால் என்ன இருக்கிறது

மஞ்சளும் வெள்ளையும், அல்லது மஞ்சள், வெள்ளை, சிவப்பு மூன்றும் இருந்தால் அது சாதாரண ஏவி, அதாவது ஆடியோ-வீடியோ. 14 அங்குலம், 21 அங்குலச் செட்டுகளில் பெரும்பாலும் இதுதான். 2006-லிருந்து தமிழக அரசு வீடு வீடாகக் கொடுத்த 14 அங்குல இலவச கலர் டிவியை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களும் இதைத்தான் தேடிப் பார்க்க வேண்டும். முன்பக்கமோ பக்கவாட்டிலோ ஒரு சின்ன மூடிக்குள் இன்னொரு ஜோடி இருந்தாலும் இருக்கும், தடவிப் பாருங்கள்.

பின்னால் இரண்டு வரிசை இருந்தால் அவசரப்படாதீர்கள். ஒன்றில் 'ஏவி இன்', மற்றதில் 'ஏவி அவுட்' என்று அச்சடித்திருக்கும். அவுட் என்பது அந்தக் காலத்தில் டிவியிலிருந்து வி.சி.ஆருக்குப் பதிவு செய்ய வைத்தது. அதில் குத்தினால் விடிய விடிய உட்கார்ந்தாலும் படம் வராது. எழுத்து அழிந்துபோயிருந்தால் இரண்டிலும் குத்திப் பாருங்கள், எதுவும் எரிந்துவிடாது.

பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று சாக்கெட்டும், பக்கத்தில் வெள்ளை, சிவப்பு என்று இரண்டும் இருந்தால் அது காம்போனென்ட். கடைசிக் காலத்தில் வந்த 29 அங்குல ஃப்ளாட் டியூப் டிவிகளிலும், முதலில் வந்த எல்.சி.டி.களிலும் இருக்கும். சில செட்டில் 'டிவிடி' என்றே போட்டிருப்பார்கள். இதில் சிவப்பு இரண்டு இருக்கிறது, ஒன்று படத்துக்கு, ஒன்று சத்தத்துக்கு. மாறிப் போனால் படம் பச்சையும் நீலமுமாக அழும், ஸ்பீக்கர் உறுமும்.

வெறும் ஆன்டெனா துளை மட்டும் இருக்கிறதா? அப்படியென்றால் ஆர்.எஃப். மாடுலேட்டர் என்ற சின்னப் பெட்டி வேண்டும். அதில் மஞ்சளையும் வெள்ளையையும் குத்தி, அதன் வயரை ஆன்டெனா துளையில் சொருகி, கன்சோலில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிவியில் சேனல் தேடவிட வேண்டும். வீட்டுப் பரணில் ஓடுகிற நிலையில் ஒரு வி.சி.ஆர். கிடந்தால் அதுவே மாடுலேட்டர் வேலையைச் செய்யும். படம் கொஞ்சம் மணல் தூவின மாதிரிதான் இருக்கும்.

உங்கள் பி.எஸ்.பி. எந்த மாடல்

பணம் போகிற இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள்.

2004 டிசம்பரில் ஜப்பானில் வந்த முதல் மாடல், 1000 வரிசை. கொஞ்சம் தடிமனாக, கனமாக இருக்கும். அதில் டிவிக்குப் படம் அனுப்பும் வசதியே கிடையாது. எந்தக் கேபிளாலும் முடியாது. 'பி.எஸ்.பி. ஏவி கேபிள்' என்று மொட்டையாகப் போட்டு விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

2007-இல் வந்த 2000 வரிசையில் டிவி வசதி உண்டு, ஆனால் அரைகுறை. மஞ்சள் பின்னில் மெனு வரும், வீடியோ வரும், போட்டோ வரும். விளையாட்டு வராது. விளையாட்டை அது காம்போனென்ட் கேபிள் வழியாக, புரோகிரெசிவ் சிக்னலாக (எல்லா வரியையும் ஒரே மூச்சில் வரைவது) மட்டும்தான் கொடுக்கும். டியூப் டிவிகளில் அனேகமாக எதுவுமே புரோகிரெசிவை ஏற்காது, காம்போனென்ட் சாக்கெட் இருந்தாலும்கூட. ஆகவே 2000 வைத்திருப்பவர்கள் டப்பா டிவியை மறந்துவிட்டு, காம்போனென்ட் உள்ள ஒரு பழைய எல்.சி.டி.யைத் தேடுவது நல்லது. மெனு பளிச்சென்று வருகிறது, விளையாட்டைத் தொட்டால் மட்டும் போடமாட்டேன் என்கிறது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் அத்தனை பேர் கையிலும் இருப்பது 2000-தான். கன்சோல் ரிப்பேர் இல்லை, அதன் சுபாவம் அப்படி.

2008-இல் வந்த 3000 வரிசைதான் டியூப் டிவிக்கு ஏற்றது. மஞ்சள் பின்னிலேயே விளையாட்டு வரும். காம்போனென்டில் இன்டர்லேஸ்டாகவும் (ஒன்றுவிட்டு ஒரு வரியாக வரைவது, டியூப் டிவிக்குப் பழகியது) கொடுக்கும்.

எது எது என்று கண்டுபிடிக்க, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் மாடல் எண்ணைப் பாருங்கள். 3 என்று ஆரம்பித்தால் 3000 வரிசை. கண்ணில் படாவிட்டால் பேட்டரி மூடியைக் கழற்றிப் பாருங்கள். இன்னொரு அடையாளம்: திரைக்குக் கீழே இடது ஓரப் பொத்தானில் 2000-இல் 'ஹோம்' என்று எழுதியிருக்கும், 3000-இல் அந்த இடத்தில் பிளேஸ்டேஷன் முத்திரை இருக்கும். செகண்ட்-ஹேண்டில் வாங்கப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேல்கூடு மாற்றியிருந்தால் பொத்தானும் மாறியிருக்கும் என்பதால், சந்தேகம் இருந்தால் கையோடு ஒரு ஏவி கேபிள் கொண்டுபோய் அங்கேயே ஒரு விளையாட்டைப் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

பேட்டரி மூடியைத் திறந்த கையோடு பேட்டரியையும் பாருங்கள். உப்பி இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள், திரும்பப் போடாதீர்கள். டிவி பக்கத்தில் உட்கார்ந்து விளையாடுவதற்குப் பேட்டரி தேவையில்லை, 5 வோல்ட் சார்ஜரிலேயே ஓடும்.

இணைப்பது

பி.எஸ்.பி. ஏவி கேபிளின் கன்சோல் முனை சாதாரண ஹெட்போன் பின் மாதிரி இருக்காது. ஹெட்போன் துளையும் அதை ஒட்டியிருக்கிற தட்டைத் துளையும் சேர்த்துப் பொருந்துகிற அகலமான முனை. கேம்கார்டருக்கு வருகிற ஒற்றை உருண்டைப் பின் கேபிளும் துளைக்குள் போகும், ஆனால் படம் வராது. கடையில் அதைக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

டிவியை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டுக் குத்துங்கள். கேபிள் டிவி வயர் செட்டில் இருந்தால் அதையும் கழற்றுங்கள். சில தெருக்களில் கேபிள் வயரின் மேல்வலையில் கரண்ட் கசியும், ஏவி பின்னைத் தொடும்போது சுருக்கென்று இழுக்கும். ஆளுக்கும் ஆபத்தாகலாம், கன்சோலுக்கும் ஆகலாம்.

இனி கன்சோலில். மெனுவில் செட்டிங்ஸ், அதற்குள் கனெக்டட் டிஸ்ப்ளே செட்டிங்ஸ். டிவி டைப்பை 4:3 என்று வையுங்கள். காம்போனென்ட் கேபிள் என்றால் அங்கேயே இன்டர்லேஸ்டைத் தேர்ந்தெடுங்கள். புரோகிரெசிவில் விட்டால் டியூப் டிவியில் படம் கிழிந்து கோடு கோடாக ஓடும்.

பிறகு டிவியைப் போட்டு ஏவிக்கு மாற்றுங்கள். ரிமோட்டில் 'ஏவி', 'டிவி/ஏவி', 'சோர்ஸ்' என்று ஏதாவது ஒன்று இருக்கும். ரிமோட் எங்கேயோ போயிருந்தால் டிவி முகப்பில் சேனலைக் குறைத்துக்கொண்டே போங்கள். பல செட்டுகளில் 1-க்குக் கீழே 0 வரும்போது அதுதான் ஏவி.

இப்போது பி.எஸ்.பி. திரைக்குக் கீழே, செவ்வகம் வரைந்த பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். சும்மா தட்டினால் வெளிச்சம்தான் கூடிக் குறையும். 5 வினாடிக்கு மேல் விடாமல் பிடிக்க வேண்டும். பி.எஸ்.பி. திரை இருண்டு, படம் டிவிக்குத் தாவும். டிவியில் ஒன்றும் வரவில்லை, கையில் இருப்பதும் இருட்டு என்றால் பதற வேண்டாம், அதே பொத்தானை அதே மாதிரி பிடித்தால் படம் கைக்குத் திரும்பும்.

கறுப்பு வெள்ளையாக வந்தால்

வரும். நிறைய பேருக்கு வரும். கேபிள் போய்விட்டது என்று நினைத்து இன்னொன்று வாங்குவார்கள், அதிலும் கறுப்பு வெள்ளைதான் வரும்.

நம் நாட்டில் 1982-இல் தூர்தர்ஷன் கலருக்கு மாறியபோது எடுத்துக்கொண்டது பி.ஏ.எல். முறை: 625 வரி, வினாடிக்கு 50 முறை. பி.எஸ்.பி. அனுப்புவது என்.டி.எஸ்.சி.: 525 வரி, 60 முறை. இரண்டிலும் வெளிச்சத்தை அனுப்பும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் உருவம் தெரிந்துவிடும். நிறத்தை ஏற்றி அனுப்பும் விதம் வேறு. பி.ஏ.எல். செட் 4.43 மெகாஹெர்ட்ஸில் நிறத்தைத் தேடும், என்.டி.எஸ்.சி.யில் அது 3.58-இல் இருக்கும். தேடிய இடத்தில் கிடைக்காததால் டிவி நிறமே இல்லை என்று முடிவுகட்டிவிடும்.

நல்ல வேளையாக, 90-களின் பிற்பகுதிக்குப் பிறகு வந்த செட்டுகள் பலவற்றுக்கு இரண்டும் தெரியும். ஏவியில் இருந்துகொண்டே மெனுவுக்குப் போங்கள். 'கலர் சிஸ்டம்' அல்லது 'சிஸ்டம்' என்று ஒரு வரி இருக்கும். டிவி சேனலில் இருக்கும்போது சில செட்டில் அந்த வரியே தெரியாது, ஏவிக்கு மாறினால்தான் வரும். அதில் ஆட்டோ என்று இருப்பதை என்.டி.எஸ்.சி. 3.58 என்று மாற்றுங்கள். 4.43 என்று இன்னொரு என்.டி.எஸ்.சி.யும் இருக்கும், அது வேண்டாம். மாற்றியதும் திரை ஒரு துள்ளல் துள்ளி, நிறம் வந்து உட்காரும். முகமெல்லாம் பச்சையடித்தால் 'டின்ட்' என்ற வரியைத் திருகுங்கள். பி.ஏ.எல்.லில் செத்துக் கிடக்கும் அந்த வரி என்.டி.எஸ்.சி.யில்தான் உயிர் பெறும்.

படம் மேலிருந்து கீழாக உருண்டுகொண்டே இருந்தால் அது 60-க்குப் பழகாத மிகப் பழைய செட். பின்னால் 'வி ஹோல்ட்' என்று திருகு இருந்தால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். இல்லையென்றால் என்.டி.எஸ்.சி.யை பி.ஏ.எல்.லாக மாற்றும் பெட்டி ஒன்று வாங்க வேண்டியிருக்கும். அந்தப் பணத்துக்கு வேறு டிவியே செகண்ட்-ஹேண்டில் கிடைத்துவிடும் என்பது என் கட்சி.

படம் ஏன் இத்தனை சின்னதாக இருக்கிறது

விளையாட்டு ஆரம்பித்ததும் எல்லாரும் கேட்பது இது. திரை நடுவில் ஒரு ஜன்னல், சுற்றிலும் கறுப்பு. பி.எஸ்.பி. விளையாட்டின் படம் 480-க்கு 272 புள்ளி. டிவிக்கு அது அனுப்பும் சட்டம் 720-க்கு 480. புள்ளிக்குப் புள்ளி அப்படியே வைப்பதால் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கும், உயரத்தில் பாதிக்குச் சற்று மேலும்தான் நிரம்பும். டிவியில் 'ஸூம்' இருந்தால் போடுங்கள். கஸ்டம் ஃபர்ம்வேர் (சோனி கொடுக்காத, வெளியாட்கள் மாற்றிய மென்பொருள்) போட்டவர்களுக்குப் படத்தை இழுத்து நிரப்பும் பிளக்இன்களும் உண்டு.

என்னைக் கேட்டால் அப்படியே விட்டுவிடுவேன். டியூப் டிவி ஓரங்களை எப்போதும் கொஞ்சம் விழுங்கும். முழுத்திரையில் வரும் மெனுவின் மூலையில் இருக்கும் கடிகாரம் பாதி காணாமல் போவது அதனால்தான். விளையாட்டு நடுவில் இருப்பதால் உயிர்க்கோடு, ஸ்கோர் எதுவும் வெட்டுப்படாது. டெக்கன் மாதிரி சண்டை விளையாட்டில் இன்னொரு லாபம், பொத்தானைத் தட்டியதும் அடி விழும். புது எல்.இ.டி. டிவிகள் மஞ்சள் பின் சிக்னலை உள்ளே வாங்கிப் பெரிதாக்கிக் காட்டுவதற்குள் கொஞ்சம் மந்தம் தட்டும். டியூபில் அந்த வேலையே கிடையாது.

கான்ட்ராஸ்டை மட்டும் கொஞ்சம் குறையுங்கள். ஒரே படத்தை நிறுத்திவைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், டியூபில் தழும்பு விழும்.

சத்தம்

டிவியில் மஞ்சளும் வெள்ளையும் மட்டும் இருந்தால் அது மோனோ செட். வெள்ளையை மட்டும் குத்திவிட்டுச் சிவப்பைத் தொங்கவிட்டால் இடது பக்கச் சத்தம்தான் வரும், வலது பக்கம் வரும் எதிரியின் காலடி கேட்கவே கேட்காது. இரண்டு பின்னை ஒன்றாக்கும் ஒய் கனெக்டர் எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். வெள்ளையையும் சிவப்பையும் அதில் குத்தி, அதன் ஒற்றைப் பின்னை டிவியின் வெள்ளையில் போடுங்கள்.

ஏவியில் செட்-டாப் பாக்ஸ் உட்கார்ந்திருந்தால்

அரசு கேபிளோ டிஷ்ஷோ, டப்பா டிவி வைத்திருக்கும் வீட்டில் ஏவி இன் காலியாக இருப்பதே அபூர்வம். பக்கவாட்டில் இன்னொரு ஏவி இருக்கிறதே என்று அதில் குத்தினால் சில செட்டில் இரண்டு படமும் ஒன்றன்மேல் ஒன்று விழும். உள்ளே இரண்டு சாக்கெட்டும் ஒரே வயரில் இருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு தடவையும் பிடுங்கிக் குத்தினால் சாக்கெட் ஆட்டம் கண்டுவிடும். மூன்று இணைப்பை ஒன்றாக்கும் ஏவி செலக்டர் பெட்டி வாங்கி வைத்துவிடுங்கள். பொத்தானைத் தட்டினால் அம்மாவுக்கு சீரியல், தட்டினால் உங்களுக்கு கேம்.

ஸ்விட்ச் வைத்திருப்பவர்கள்

முதலில், ஸ்விட்ச் லைட் என்றால் இதைத் தாண்டிவிடுங்கள், அதிலிருந்து எந்த டிவிக்கும் படம் எடுக்க முடியாது. சாதாரண ஸ்விட்ச் என்றால் டாக்கிலிருந்து (ஸ்விட்சைச் சொருகி வைக்கும் தாங்கி) எச்.டி.எம்.ஐ. வரும். அதை மஞ்சள், வெள்ளை, சிவப்பாக மாற்ற 'எச்.டி.எம்.ஐ. டு ஏவி' கன்வெர்ட்டர் வேண்டும், சில நூறு ரூபாய்தான். பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். 'ஏவி டு எச்.டி.எம்.ஐ.' என்று அதே அளவில், அதே நிறத்தில், அதே அலமாரியில் இன்னொன்று இருக்கும். அது தலைகீழ், பழைய பெட்டியைப் புது டிவியில் போடுவதற்கானது. ஒரு முனையில் எச்.டி.எம்.ஐ., மறுமுனையில் மூன்று பின், நடுவில் பெட்டியே இல்லாத கேபிளும் விற்கிறார்கள். ஸ்விட்ச் அனுப்புவது டிஜிட்டல், டிவி கேட்பது அனலாக். வெறும் செப்புக் கம்பி அதை மாற்றாது.

கன்வெர்ட்டருக்குத் தனியாக 5 வோல்ட் கொடுக்க வேண்டும், போன் சார்ஜர் போதும். டாக்குக்கு மட்டும் போன் சார்ஜர் போதாது. ஸ்விட்சோடு வந்த அடாப்டர் 15 வோல்ட், 2.6 ஆம்பியர் கொடுக்கும். அதைப் போட்டால்தான் டிவிக்குப் படம் போகும். கன்வெர்ட்டரின் பக்கத்தில் பி.ஏ.எல்./என்.டி.எஸ்.சி. என்று சின்ன ஸ்விட்ச் இருக்கும். கறுப்பு வெள்ளைத் தொல்லை இங்கே சுலபமாகத் தீரும், பி.ஏ.எல். பக்கம் தள்ளிவிட்டால் போதும்.

ஸ்விட்சுக்குள் இருக்கும் டிவி செட்டிங்ஸில் ரெசல்யூஷனை 480பி என்று வையுங்கள். ஓரம் வெட்டுப்பட்டால் அங்கேயே திரை அளவைக் குறைக்கலாம். 16:9 படத்தை 4:3-க்குள் அமுக்குவதால் ஆட்கள் ஒல்லியாக, உயரமாகத் தெரிவார்கள். டிவி ரிமோட்டில் 16:9 பொத்தான் இருந்தால் அது சரியாகும். எழுத்து அதிகம் உள்ள விளையாட்டுகள் டியூப் டிவியில் கண்ணுக்குத் தண்டனை. டெட்ரிஸ் மாதிரி பெரிய உருவங்களாக இருப்பவை நன்றாக ஓடும்.

எல்லாம் சரி, படம் மட்டும் விட்டு விட்டு வருகிறது

பின்னைத் தொட்டால் வருகிறது, கையை எடுத்தால் போகிறது என்றால், முதலில் டிவி சாக்கெட்டைப் பாருங்கள். வெளி வளையம் பச்சை பூத்திருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள். துடைத்தும் அப்படியே இருந்தால் உள்ளே போர்டில் ஈயம் விட்டிருக்கிறது, டிரை சோல்டர். பதினைந்து இருபது வருஷமாகப் பிடுங்கிக் குத்திய செட்டுகளில் இது சகஜம். நீங்களே பின்மூடியைக் கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். பக்கத்து மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் ஈயம் வைத்துக் கொடுப்பார், பெரிய செலவில்லை. போகும்போது ரிமோட்டையும் கேபிளையும் கன்சோலையும் சேர்த்து எடுத்துப் போங்கள். டிவியை மட்டும் இறக்கிவைத்தால் அவர் கடையில் இருக்கும் டிவிடியைப் போட்டுப் பார்த்து, படம் வருதே என்று திருப்பி அனுப்பிவிடுவார்.